அணைந்த அடுப்பும் வெண்குறுமீனும்: வாசகர் கேள்விகள்

குடியாத்தம் வாசகர்: சார், மொட்டை மாடியில் பைனாகுலர் வைத்துப் பார்த்தால் வெண்குறுமீன் தெரியுமா?

தெரியாது. அவை செத்துப்போன நட்சத்திரங்களின் மிச்சம். ஆனால் அவை குடியிருக்கும் நட்சத்திரக் கொத்து தெரியும். ஆனி இரவில் விருச்சிகத்தில் சிவப்பாக மின்னும் கேட்டைக்கு மேற்கே ஒரு டிகிரி சொச்சம் தள்ளிப் பாருங்கள், பஞ்சுத் துணுக்கு மாதிரி இருப்பதுதான் மெசியர் 4. டவுன் வெளிச்சத்தில் கஷ்டம், ஆலங்காயம் தாண்டி காவலூர்ப் பக்கம் போனால் நல்லது. வானாய்வகத்தைச் சும்மாவா அங்கே கட்டினார்கள்?

ஆற்காடு வாசகர்: செத்துப்போன நட்சத்திரத்தை வைத்து எப்படி வயது சொல்கிறார்கள்?

அடுப்புச் சாம்பலைத் தொட்டே எப்போது அணைத்தார்கள் என்று பாட்டி சொல்வாரே, அந்தக் கணக்குதான். வெண்குறுமீன் எரிபொருள் தீர்ந்த தணல், இருக்கிற சூட்டை விட்டுவிட்டு ஆறிக்கொண்டே மங்கும். கொத்தில் இருப்பவை கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பிறந்தவை என்பதால், அங்கே இருப்பதிலேயே மங்கலான வெண்குறுமீனைப் பிடித்துவிட்டால் கொத்தின் வயதே கையில் வந்த மாதிரி. ஹபிள் தொலைநோக்கி மெசியர் 4-ஐ நாள்கணக்கில் உற்றுப் பார்த்து 2002-ல் கிடைத்த விடை 1,200 முதல் 1,300 கோடி ஆண்டு.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. 2021-ல் மெசியர் 13 என்ற இன்னொரு கொத்தை ஆராய்ந்தபோது பிரகாசமான வெண்குறுமீன்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவற்றில் சுமார் 70 சதவீதத்தில் மேல்படலத்து ஹைட்ரஜன் இன்னும் எரிகிறதாம்! நம் ஊர் பாஷையில் நீறுபூத்த நெருப்பு. ஆறுவது தாமதமாகிறது, வயதுக் கணக்கு 100 கோடி ஆண்டு வரை பிசகலாம். அதற்காகப் பழைய கணக்கையெல்லாம் தூக்கிப் போடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் கூடவே பார்த்த மெசியர் 3 கொத்தில் எல்லாம் வழக்கம்போலத்தான் ஆறிக்கொண்டிருந்தன.

வாணியம்பாடி வாசகர்: அவ்வளவு நெரிசலில் இடித்துக்கொள்ளாதா?

நேரடி மோதல் அபூர்வம், ஆனால் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள் ஜோடி மாறுவது உண்டு. கனமானவை நடுவுக்கு இறங்கும், எடை இழந்து வெண்குறுமீன் ஆனவை மெல்ல வெளியே நகரும். என்ஜிசி 6624 கொத்தில் ஒரு வெண்குறுமீன், நியூட்ரான் விண்மீன் என்ற இன்னும் அடர்ந்த நட்சத்திர மிச்சத்தை 11 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. வேலூர்க் கோட்டையில் ஆட்டோ ஏறி காட்பாடி ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் ஒரு சுற்று முடிந்திருக்கும்.

ஆம்பூர் வாசகர்: நான் கேட்டை நட்சத்திரம். பக்கத்தில் இவ்வளவு செத்த நட்சத்திரம் இருந்தால் தோஷமா?

அதற்கு ஜோசியரைப் பாருங்கள். ஆனால் கேட்டை இருப்பது சுமார் 550 ஒளியாண்டில், மெசியர் 4 ஏறத்தாழ 6,000 ஒளியாண்டில். பக்கம் என்பது நம் கண்ணுக்கு மட்டும்தான்.