பெயர் வராத வேலைக்குப் போகலாமா?

கேள்வி: நான் இணை இயக்குநர். சம்பள பாக்கிக்காக நாலு பேரோடு சேர்ந்து குரல் கொடுத்தேன். இரண்டு வருஷமாக யாரும் கூப்பிடுவதில்லை. ‘கூட நின்றவர்கள் யார் யார் என்று எழுதிக் கொடு, சேர்த்துக்கொள்கிறோம்’ என்கிறார்கள். இன்னொரு பக்கம், டைட்டிலில் பெயர் வராமல் சீரியலுக்கு வசனம் எழுத அழைப்பு. இரண்டுமே அவமானமாகத் தெரிகிறது. என்ன செய்வது? — பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். வசனம் எழுத நாளைக்கே போங்கள்.

ஏபிரகாம் பொலான்ஸ்கியைப் பற்றிச் சொல்கிறேன். நியூயார்க்கில் பிறந்து, சட்டம் படித்து, ஹாலிவுட்டுக்கு எழுத வந்தவர். 1948-இல் முதல் படம் இயக்கினார், ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’. ஒளிப்பதிவாளர் எல்லாவற்றையும் மென்மையாக, அழகாக எடுத்துக்கொண்டிருந்தார். பொலான்ஸ்கி எட்வர்ட் ஹாப்பரின் ஓவியப் புத்தகத்தைக் கொடுத்து, ‘இப்படி வேண்டும்’ என்றார். கடைசிக் காட்சியைப் பாருங்கள். அண்ணனின் உடலைத் தேடி, பெரிய பாலத்தின் அடியில் தம்பி படி படியாக இறங்கிக்கொண்டே இருப்பான். முதல் படம் எடுத்தவர் செய்த வேலையா அது!

அடுத்த படத்தை அவர் இயக்கியது 1969-இல். நடுவில் 21 வருஷம்.

1951-இல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டது. யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. ‘மிக ஆபத்தான குடிமகன்’ என்றார் குழுவில் ஒருவர். அதோடு ஸ்டூடியோ கதவுகள் மூடின.

அப்புறம்தான் உங்களுக்கான விஷயம் வருகிறது. அவரும் வால்டர் பெர்ன்ஸ்டீன், ஆர்னால்ட் மனாஃப் என்ற இருவரும், மூவருமே ‘வேலை தரக் கூடாது’ என்ற கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள், ‘யூ ஆர் தேர்’ என்ற டிவி தொடருக்கு அடுத்தவர் பெயரில் எழுதினார்கள். ஒருவருக்கு வேலை இல்லையென்றால் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். எழுதியது என்ன தெரியுமா? சாக்ரடீஸ், கலிலியோ, அமெரிக்காவில் உள்ள சேலம் என்ற ஊரின் சூனியக்காரி விசாரணை. வாயைத் திறக்கக் கூடாது என்றவர்களின் வரவேற்பறைக்கே அந்த வசனம் போய்ச் சேர்ந்தது.

1959-இல் வந்த ‘ஆட்ஸ் அகைன்ஸ்ட் டுமாரோ’ படத்தில் ஜான் கிலன்ஸ் என்ற நாவலாசிரியரின் பெயர் வந்தது. எழுதியவர் பொலான்ஸ்கி. 1990-களில் எழுத்தாளர் சங்கம் அதைத் திருத்தி அவர் பெயரைச் சேர்த்தது. அதனால்தான் சொல்கிறேன், எழுதும் ஒவ்வொரு எபிசோடின் பிரதியையும் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். பணத்தைக் கையோடு வாங்குங்கள்.

பெயர் சொன்னவர்களுக்கு வேலை கிடைத்தது, அதையும் மறைக்கவில்லை. இயக்குநர் இலியா கசான் 1952-இல் அந்தக் குழுவிடம் பெயர்களைச் சொன்னார். பெரிய படங்கள் எடுத்தார். 1999-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது அரங்கில் பலர் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். 47 வருஷம் ஆகியும்! அந்த விருதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் 88 வயது பொலான்ஸ்கியும் ஒருவர்.

சரி, உங்களோடு நின்ற அந்த நாலு பேர் இப்போது எப்படி இருக்கிறார்கள்? வேலை இல்லாதவர் இருந்தால், உங்கள் சீரியலில் இரண்டு எபிசோடு அவருக்குக் கொடுங்கள்.