அன்சாக் பிஸ்கட்டில் முட்டை சேர்க்காதது ஏன்? அது போர்க்களத்தில் பிறந்ததா?

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தமக்குரியதாகக் கொண்டாடும் இந்த இனிப்பான ஓட்ஸ் பிஸ்கட்டின் பெயர், 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்பொலியில் தரையிறங்கிய அவ்விரு நாடுகளின் கூட்டுப் படைப்பிரிவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்திலிருந்து (ANZAC) வந்தது. ஆனால் களத்தில் வீரர்களுக்குப் பங்கீடாகக் கிடைத்தது, மாவையும் நீரையும் பிசைந்து சுட்ட, பல்லைப் பதம் பார்க்கும் கெட்டி பிஸ்கட். அதைப் பொடித்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தவர்களும் உண்டு. இனிப்பான ஓட்ஸ் பிஸ்கட்டுகள் கலிப்பொலிக்குப் பெட்டி பெட்டியாகச் சென்றன என்ற கதையைவிட, உள்நாட்டில் போர் நிதி திரட்டுவதற்காக அவை விற்கப்பட்டன என்பதே எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. இன்று நாம் அறிந்த செய்முறை போருக்குப் பின்னரே நிலைபெற்றது. தேங்காய்த் துருவலும் பிற்காலத்தில் சேர்ந்ததுதான்.

முட்டை இல்லாததால் இது பல நாள் கெடாமல் இருக்கும். முட்டைக்குப் பதிலாக மாவைப் பிணைப்பது, கோல்டன் சிரப் எனப்படும் சர்க்கரைப் பாகு. உருக்கிய வெண்ணெயும் பாகும் சேர்ந்த கலவையில், கொதிநீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றியதும், பாகிலுள்ள மெல்லிய அமிலத்தோடு சோடா வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுவதால், கலவை நுரைத்துப் பொங்குகிறது. அந்த நுரை அடங்குவதற்குள் அதை ஓட்ஸ், மைதா, சர்க்கரை ஆகியவற்றுடன் கலந்துவிட வேண்டும். பிஸ்கட்டின் பதம் பெரிதும் இந்த ஒரு நிமிடத்தில்தான் அமைகிறது. பொன்பழுப்பு நிறம் ஏறுவதற்கும் சோடா துணைசெய்கிறது.

ஆஸ்திரேலியாவில் ‘அன்சாக்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால், மரபான செய்முறையிலிருந்து பெரிதும் விலகிய பிஸ்கட்டை அப்பெயரில் விற்க இயலாது.