குயர்பெய்ட்டிங் என்றால் என்ன?

படத்திலோ தொடரிலோ, ஒரே பாலினத்தவர் இருவர் காதலிக்கிறார்கள் என்று ஜாடைமாடையாகக் காட்டிக்கொண்டே இருந்து, கடைசிவரை அதைச் சொல்லாமல் விடுவதுதான் குயர்பெய்ட்டிங். பலகையில் பிரியாணி என்று போட்டு, இலையில் குஸ்காவை வைப்பது போல.

பிபிசியின் 'ஷெர்லாக்' (2010–2017) தொடரைப் பலர் உதாரணம் சொல்வார்கள், எடுத்தவர்கள் மறுக்கிறார்கள். முதல் எபிசோடிலேயே வீட்டுக்கார அம்மா, துப்பறிவாளர் ஹோம்ஸையும் அவர் நண்பர் வாட்சனையும் ஜோடி என்று நினைத்து, இரண்டு படுக்கையறை வேண்டுமா என்கிறார். இப்படியே நான்கு சீசன் போனது, காதல் மட்டும் வரவில்லை.

பெரும்பாலும் வியாபாரக் கணக்குதான்: தன்பாலீர்ப்பு ரசிகர்களும் பார்க்கணும், மற்றவர்களும் முகம் சுளிக்கக் கூடாது. தங்களைப் போல ஒருவரைத் திரையில் தேடுபவர்களுக்கு இது உண்மையிலேயே வலிக்கும்.

அப்புறம், இது படைப்பைப் பற்றிய சொல், நடிகரின் சொந்த வாழ்க்கையைத் துருவ அல்ல. 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரின் நடிகர் கிட் கானர், குயர்பெய்ட்டிங் செய்கிறார் என்று தன்மேல் விழுந்த பழியால்தான் 2022-இல், 18 வயதில், தான் இருபாலீர்ப்பாளர் என்று வெளியே சொல்ல வேண்டியதாயிற்று.