வாசகர் கேள்வி–பதில்: நோயாளிகளின் தரவோடு பணியாற்ற எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: புள்ளியியல் இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மருத்துவத் துறையில் தரவு அறிவியலாளராகப் பணியாற்ற விரும்புகிறேன். பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும். இயந்திரக் கற்றலில் ஓர் அறிமுக வகுப்பையும் முடித்துவிட்டேன். மருத்துவம் பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்து ஆழ்கற்றலை (டீப் லேர்னிங்) படிப்பதா, முதுநிலைப் படிப்புக்குத் தயாராவதா, வேலை தேடுவதா? — ஒரு மாணவி

பதில்: இந்த மூன்றுக்கும் முன்பாக, மருத்துவத் தரவு எப்படிப் பிறக்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். வகுப்பில் உங்கள் கைக்கு வரும் அட்டவணை யாரோ சுத்தம் செய்து கொடுத்தது. மருத்துவமனைப் பதிவுகளோ ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டவை அல்ல; சிகிச்சையைத் தொடர்வதற்காகவும், கட்டணக் கணக்குக்காகவும், பின்னாளில் கேள்வி எழுந்தால் காட்டுவதற்காகவும் எழுதப்பட்டவை. அதிகாலை 3 மணிக்கு ஒருவருக்கு இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தால், அதன் முடிவு எதுவாக இருந்தாலும், அந்த நேரத்தில் அவரைப் பற்றி ஒரு மருத்துவர் கவலைப்பட்டிருக்கிறார் என்பது தெரிகிறது. அதேபோல, ஒரு பரிசோதனை செய்யப்படாமல் இருப்பதற்கும் பெரும்பாலும் காரணம் இருக்கும். வெற்றுக் கட்டங்களைச் சராசரியால் நிரப்பிவிட்டு அடுத்த படிக்குப் போகும் வகுப்பறைப் பழக்கம், இங்கே பல வேளைகளில் இருக்கும் தகவலையே அழித்துவிடும்.

இதற்குத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. 1990-களில், நிமோனியாவோடு வரும் நோயாளிகளில் யாருக்கு இறப்பு அபாயம் அதிகம் என்று கணிக்கும் கணினி மாதிரிகளை (மாடல்களை) அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். தரவிலிருந்து கிடைத்த விதிகளில் ஒன்று, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அபாயம் குறைவு என்றது. கணக்கில் பிழை இல்லை. ஆஸ்துமா இருப்பவர்களை மருத்துவர்கள் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அந்தக் கூடுதல் கவனிப்பால் அவர்கள் பிழைத்தார்கள் என்பதுதான் காரணம். இதை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். அந்த ஆய்வில் பங்கேற்ற ரிச் கருவானா, 2015-இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரையில் இதை விரிவாக எழுதினார்; உள்ளே என்ன நடக்கிறது என்று படித்துப் பார்க்கக்கூடிய மாதிரிகளே மருத்துவத்துக்கு வேண்டும் என்பது அவருடைய வாதம்.

இன்னொன்று, 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு. கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளை அடையாளம் காண அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு நிரல், நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவை அளவுகோலாகக் கொண்டிருந்தது. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்ட தொகையே குறைவு என்பதால், அவர்கள் கூடுதலாக நோயுற்றிருந்தபோதும் அதே மதிப்பெண்ணைத்தான் பெற்றார்கள். எதைக் கணிக்கிறோம் என்ற முதல் வரியிலேயே தவறு நுழைந்துவிட்டது. எந்த ஆழ்கற்றலும் அதைத் திருத்தியிருக்காது.

ஆகவே ஆழ்கற்றலை ஓராண்டு தள்ளிப்போடுங்கள் என்பேன். மருத்துவப் படங்களில்தான் பணி என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அந்த ஓராண்டில், தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்க உதவும் மொழியான எஸ்க்யூஎல்லை நன்றாகப் பழகுங்கள். நோயாளி, வருகை, பரிசோதனை, மருந்து என்று பிரிந்து கிடக்கும் அட்டவணைகளை இணைப்பதிலேயே அன்றாடப் பணியின் பெரும்பகுதி கழிகிறது. ஆம்–இல்லை என்ற வகை விளைவின் வாய்ப்பைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனை, அது தரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். அதன்பின், இறப்பு போன்ற ஒரு நிகழ்வு நேர எவ்வளவு காலம் ஆகிறது என்று ஆராயும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு. ஆய்வின் நடுவில் தொடர்பு விட்டுப்போன நோயாளியை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1958-இல் புள்ளியியலாளர்களான கப்லான், மையர் இருவரும் தந்த முறையும், 1972-இல் காக்ஸ் தந்த மாதிரியும் இன்றும் மருத்துவ இதழ்களில் அன்றாடம் பயன்படுகின்றன. இயந்திரக் கற்றல் அறிமுக வகுப்புகளோ இவற்றைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

புள்ளியியல் மாணவி என்பதால் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. நூற்றுக்கு ஒருவருக்கு வரும் நோயில், 'யாருக்கும் நோய் இல்லை' என்று சொல்லும் மாதிரிகூட 99 விழுக்காடு சரியாக இருக்கும். இப்போது நோயுற்றோரில் 90 விழுக்காட்டினரையும் நோயற்றோரில் 90 விழுக்காட்டினரையும் சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை 1,000 பேருக்குச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயற்ற 990 பேரில் 99 பேருக்கும் 'நோய் உண்டு' என்று வரும். ஆக, எச்சரிக்கப்படும் 108 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர்தான். இந்தக் கணக்கை ஒரு மருத்துவரிடம் பொறுமையாக விளக்கத் தெரிந்தவர், புதிய நிரல்களின் பெயர்களை அடுக்குபவரைவிடப் பயனுள்ளவர்.

பயிற்சிக்கு உண்மையான தரவு வேண்டுமென்றால் மிமிக்-3 என்ற தரவுத் தொகுப்பு இருக்கிறது. பாஸ்டனில் உள்ள ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2001 முதல் 2012 வரை அனுமதிக்கப்பட்ட 40,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகள், அடையாளம் நீக்கப்பட்டு, மருத்துவ ஆய்வுத் தரவைப் பகிரும் ஃபிசியோநெட் இணையதளத்தில் ஆய்வாளர்களுக்குத் தரப்படுகின்றன. முழுத் தரவைப் பெற, மனிதர்களைப் பற்றிய ஆய்வின் நெறிமுறைகளில் ஒரு பயிற்சியை முடித்து, பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். 100 நோயாளிகளின் முன்னோட்டத் தொகுப்பைத் திறந்த அனுமதியில் பெறலாம். முதல் நாளே அதில் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். சிலருக்கு 300 ஆண்டுகள் என்று வரும். 89 வயதைத் தாண்டியவர்களின் அடையாளத்தை மறைப்பதற்காக அவர்களின் பிறந்த நாளை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் சராசரி வயது போட்டுவிட்டு நகர்ந்தவர்கள் உண்டு.

மருத்துவம் தெரியாதது பெரிய தடையல்ல. முழு மருத்துவத்தையும் கற்க முயலாமல், நீரிழிவு அல்லது சிறுநீரகச் செயலிழப்பு போன்ற ஒரே நோயை எடுத்து, அது எப்படிக் கண்டறியப்படுகிறது, எந்தப் பரிசோதனை எப்போது எழுதப்படுகிறது, பதிவில் எந்த ஐசிடி-10 குறியீடு (நோய்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டுக் குறியீடு) வருகிறது என்று ஆறு மாதம் பின்தொடருங்கள். வாய்ப்புக் கிடைத்தால், பதிவுகளை உள்ளிடும் செவிலியர் ஒருவரோடு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

முதுநிலைப் படிப்பு பற்றி: உயிர்ப்புள்ளியியலோ நோய்ப்பரவலியலோ கிடைத்தால் தயங்காமல் சேரலாம், வெறும் 'தரவு அறிவியல்' என்ற பெயருக்காக மட்டும் சேர வேண்டாம்.

கேள்வி: 'தரவு அறிவியலாளர்' என்ற பெயரில் வரும் வேலை அறிவிப்புகள் எல்லாம் அனுபவம் கேட்கின்றன. புதியவர்கள் எப்படி உள்ளே நுழைவது? — ஒரு வாசகர்

பதில்: அந்தப் பெயரைத் தேடாமல் நுழைய வேண்டும். மருந்துப் பரிசோதனை ஆய்வுகளில் தரவு மேலாளர், புள்ளியியல் நிரலாளர், மருத்துவமனையில் தரவுப் பகுப்பாய்வாளர், பதிவுக் குறியீட்டாளர் ஆகிய பணிகளைப் பாருங்கள். மருந்துப் பரிசோதனைத் துறையில் சாஸ், ஆர் ஆகிய இரண்டு புள்ளியியல் மென்பொருள்களும் நீண்ட நாளாகப் புழங்குபவை. அங்கே ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தணிக்கைக்குக் காட்டியாக வேண்டும் என்பதால், அதைப்போல ஒழுங்கு கற்றுத்தரும் இடம் வேறில்லை. பணி சலிப்பூட்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அடுத்த நேர்காணலில், ஒரு தரவுத் தொகுப்பில் என்னென்ன தவறாகப் போகும் என்று கேட்கப்படும்போது, உங்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும்.