மரச்சிற்ப நுண்வேலைக்கு எந்த மின்கருவி?

கேள்வி: அரும்பாவூர் அருகே வாகை மரத்தில் ஓர் அடிக்கும் குறைவான உயரமுள்ள சாமி சிலைகளைச் செதுக்கி விற்கிறேன். கிரீடம், ஆபரணம் போன்ற நுண்வேலைகளை உளியால் செய்ய மணிக்கட்டு இப்போது இடம் கொடுப்பதில்லை. ஒரு கடைக்காரர் நகைப் பட்டறைகளில் உள்ள காற்றழுத்தச் செதுக்கு கருவியையும், இன்னொருவர் மைக்ரோ மோட்டாரையும் பரிந்துரைக்கின்றனர். எதை வாங்கலாம்? இரண்டாவது கருவியின் உத்தரவாத அட்டையில் ‘தொழில் பயன்பாட்டுக்குப் பொருந்தாது’ என்று இருப்பதும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: மைக்ரோ மோட்டாரை வாங்குங்கள். காற்றழுத்தக் கருவி உலோகத்தில் கோடு இழுப்பதற்காகவே உருவானது. அதன் குட்டையான, வேகமான தட்டல் கருங்காலி போன்ற இறுகிய மரத்தில் மெல்லிய கோடு போட உதவலாமே தவிர, ஆபரண வேலைக்குத் தேவையான குழிவையும் உருட்டலையும் எளிதில் தராது. அதோடு காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸருக்கும் தனியாகச் செலவழிக்க வேண்டும்.

மைக்ரோ மோட்டாரின் கைப்பிடி பேனாவைப் போல விரல்களில் அடங்கும். அதில் பொருத்தும் ‘பர்’ எனப்படும் சிறு அராவு முனை, பெரும்பாலான மாடல்களில் நிமிடத்துக்கு 30,000 முதல் 50,000 சுற்றுகள் வரை சுழலும். ஆனால் அது உளியைப் போலச் சீவுவதில்லை, அராவுகிறது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். முகம், கண் ஆகியவற்றின் இறுதிச் சீவலை உளிக்கே விட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. அதிவேகத்தில் ஒரே இடத்தில் அழுத்தினால் மரம் கருகும். இழை எதிர்த்து நிற்கும் இடத்தில் பிசிறு எழும். அந்தப் பிசிறை நீக்க எதிர்த்திசைச் சுழற்சி உதவும் என்றாலும், அது வைரத்துகள் பூசிய பர்களுக்கே பயன்படும். பல் வெட்டிய கார்பைடு பர் எதிர்த்திசையில் வெட்டாது.

கடையில் நீளமான ஒரு பர்ரைப் பொருத்தி ஓடவிட்டு, அதன் நுனி ஆடுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு கைப்பிடி கையைச் சுட்டால் வேண்டாம். தேய்ந்துபோகும் உதிரிபாகங்களான பேரிங், கார்பன் பிரஷ் ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்; அவை கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் நட்டமே. 2.35 மில்லிமீட்டர் கோலெட் (பர்ரின் தண்டைக் கவ்வும் பிடி) உள்ளதைத் தேர்ந்தெடுத்தால், பல் மருத்துவப் பொருள் கடைகளிலேயே பர்களை வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சரக்கு எனில், அது 230 வோல்ட்டில் இயங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

உளி சுருளாகச் சீவும், பர் மாவாகத் தூவும். வாகைத் தூள் தும்மலை வரவழைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கடின மரத்தூள் மூக்குப் பகுதியில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதும் உறுதியாகியிருப்பதால், என்95 முகக்கவசத்துக்கான செலவையும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

உத்தரவாத அட்டையின் நிபந்தனை விற்பனையாளர் இலவசமாகப் பழுதுபார்ப்பதை மறுக்கும் காரணமாகலாம். ஆனால் சட்டம் தரும் பாதுகாப்பு அதனால் போய்விடாது. வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராகக் கருதாத 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்துபவரை அந்த விலக்கிலிருந்து விடுவித்திருக்கிறது. ஆகவே கருவியில் குறை இருந்தால், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்; இணையத்தில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். அதற்கு, மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதிய ரசீது கையில் இருக்க வேண்டும்.