குளம் வற்றட்டும்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அவினாசிக்கும் அன்னூருக்கும் நடுவில், ஒரு குளத்தை ஒட்டிய சிறிய ஊர். இந்த மே விடுமுறையில் என் ஒன்பது வயது மகளை ஒரு மாதம் அவளுடைய அப்பாரு, ஆத்தாவிடம் (தாத்தா, பாட்டியிடம்) விடலாம் என்று நினைக்கிறேன். போன வாரம் ஊருக்குப் போனபோது குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு குட்டை அளவுக்குத் தண்ணீர். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இந்த வெறும் குளத்தை வைத்துக்கொண்டு குழந்தை ஒரு மாதம் என்ன செய்வாள்? ஊர் இளைஞர்கள் சிலர், ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும்படி குளத்தை ஆழமாகத் தோண்டி, கரையில் நடைபாதையும் கம்பி வேலியும் போட நிதி திரட்டுகிறார்கள். என்னிடம் ஐம்பதாயிரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? கிராமத்துக் கோடையைப் பற்றிக் குழந்தைகள் படிக்கிற மாதிரி புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் வந்த அன்றே பதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த அன்று காலையில்தான் எங்கள் ஊர்க் குளத்துக்குள் இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வந்திருந்தேன். செருப்பைக் கழுவக்கூட இல்லை. அதனால் உடனே எழுதுகிறேன்.

புத்தகத்தை விடுங்கள். குளத்தங்கரை வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துக் குளத்தைப் பற்றிய புத்தகத்தைக் கையில் கொடுப்பது, ஒப்புட்டு சுடுகிற வீட்டில் சமையல் குறிப்பு படிப்பதைப் போன்றது.

'வெறும் குளம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. குளத்துக்கரையில் பிறந்தவர் எழுதுகிற சொல்லா இது? தண்ணீர் இருந்தால்தான் குளம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? காலண்டர் படமா? இந்த விஷயத்தில் உங்களைத் திட்டுவதற்கு எனக்கே யோக்கியதை குறைவு. அது ஏன் என்று பின்னால் வருகிறது. இருந்தாலும் திட்டத்தான் போகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குளம் மாசிக் கடைசியில் கரையை விட்டு உள்ளே நகர ஆரம்பிக்கும். பங்குனியில் முழங்கால் தண்ணீர். குத்தகைக்காரர் வலை இழுத்துக் கட்லாவையும் ரோகுவையும் எடைபோட்டு ஏற்றிக்கொண்டு, "இனி ஊருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்காகவே காத்திருப்போம். கூடை, வேட்டி, கொசுவலை, ஓட்டைக் குடம் என்று கைக்குக் கிடைத்ததோடு ஊரே சேற்றில் இறங்கும். கெளுத்தி குத்தி அழாத பையன் எங்கள் ஊரில் கிடையாது. ஆத்தா மீனை வீட்டுக்குள் விடமாட்டாள். கட்டுத்தரைக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு. அதற்கென்று ஒரு சட்டி, வருஷம் முழுக்கச் சாளைக் குடிசையின் கூரையில் செருகியிருக்கும், அந்த ஒரு வாரத்துக்குத்தான் இறங்கும்.

அப்புறம் குளம் காயும். கொட்டிக்கிழங்கு தோண்டுவோம். ஆடு, எருமை எல்லாம் உள்ளே மேயும். நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். குளத்துத் தரைக்கு ஈடான மைதானம் எதுவும் இல்லை, பந்து தொலையாது. ஒரு வருஷம் சரியாக லெக் சைடில் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. அது கூடு கட்டாது. வெறுந்தரையில் சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கல்லும் ஆட்டுப் புழுக்கையும், நடுவில் மண் நிறத்தில் நான்கு முட்டை. பக்கத்தில் போனால் தலைக்கு மேல் பறந்து ஊரைக் கூட்டும். அந்தப் பக்கம் அடித்தால் ரன் கிடையாது என்று விதி போட்டுக்கொண்டு குஞ்சு பொரிக்கும்வரை ஆடினோம். நான் பிறவி லெக் சைடு ஆட்டக்காரன். அந்த வருஷம் என் ஆட்டம் போயிற்று.

இதெல்லாம் பிள்ளைகள் கணக்கு. பெரியவர்களுக்குச் சித்திரை என்றால் வண்டல். எங்களுடையது செம்மண் காடு, மழை பெய்தால் நாலு நாள்கூட ஈரம் நிற்காது. குளத்து வண்டலை அடித்துப் பரப்பினால் நாலைந்து வெள்ளாமைக்கு அதன் பலன் தெரியும். பள்ளத்தில், அதாவது ஓடையில், வரும் தண்ணீர் ஒவ்வொரு மழையிலும் மேட்டுக் காடுகளின் மேல்மண்ணைக் கொண்டுவந்து குளத்தில் போடுகிறது. கூடவே இலை, சருகு, சாணி. வெயிலில் அதெல்லாம் மட்கி, வெடித்து, பொடியாகிறது. ஊரில் இருந்து போன மண்ணை ஊரே திரும்ப எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். எடுத்தால்தான் குளத்தின் அடியும் திறக்கும். வண்டல் படிந்து மெத்தையாகிவிட்டால் தண்ணீர் கீழே இறங்காது. ஐப்பசியில் குளம் நிறைந்தும் பக்கத்துக் கிணறு ஊறவில்லை என்றால் அந்த ஊர் பல வருஷமாக மண் எடுக்கவில்லை என்று பொருள்.

எங்கள் அப்பாரு விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி பூட்டுவார். வெயில் ஏறுவதற்குள் ஆறேழு நடை. எனக்கு வேலை, கம்மங்கூழ்ப் போசியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு குச்சியில் வண்டிக்கு ஒரு கோடு போடுவது. அவர் மண்வெட்டியால் மேலாகத்தான் வழிப்பார். அடியிலிருக்கும் சுக்கான் கல் தட்டிவிட்டால் அத்தோடு நிறுத்திவிடுவார். கரையின் காலடியில் கைவைத்தால் யாராக இருந்தாலும் சண்டைதான், சொந்தத் தம்பியோடு அதற்காக இரண்டு நோம்பிக்கு (பண்டிகைக்கு) பேசாமல் இருந்தார். அவருக்குப் பொறியியல் தெரியாது. கரையோரம் பறித்தால் கரை சரியும் என்பதும், குழி விழுந்தால் அதில் மாடு விழும் என்பதும் தெரியும்.

இப்போது டிப்பர் வருகிறது. வண்டல் என்ற பெயரில் உள்ளே போய், அதற்குக் கீழே இருக்கும் கிராவலைப் பதினைந்து அடி ஆழத்துக்கு எடுத்துவிட்டுப் போகிறார்கள். மழை பெய்தால் மேலே ஒரே சமமாகத் தண்ணீர். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அடுத்த அடி எங்கே என்று தெரியாது. எங்கள் பக்கம் அப்படிப் போன பிள்ளைகள் உண்டு. அதற்கு மேல் எழுத முடியவில்லை. உங்கள் ஊர் இளைஞர்கள் 'ஆழமாகத் தோண்டுவது' என்று சொல்வதைத் தயவுசெய்து நன்றாக விசாரியுங்கள்.

முறையாக எடுக்க வழி இல்லாமல் இல்லை. 2024இல் அரசு விதியைத் தளர்த்தி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கியது. மண்ணுக்குக் காசு கிடையாது. புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். கட்டை வண்டிக் கணக்கில் பார்த்தால் எங்கள் அப்பாருவே மலைத்துப் போயிருப்பார்.

சரி, அத்திக்கடவு - அவினாசித் தண்ணீர் வந்துவிட்டதே, இனிமேல் குளம் எதற்கு வற்ற வேண்டும் என்று உங்கள் இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று தலைமுறை கேட்டு வாங்கிய திட்டம் அது. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைத்தபோது எங்கள் வீட்டிலும் பாயசம் வைத்தோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் நீரை, நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் ஏற்றுவது திட்டம். மொத்தம் 1.5 டிஎம்சி, அதாவது நூற்றைம்பது கோடி கன அடி. அதை 1,045 குளம் குட்டைகளுக்குப் பிரிக்க வேண்டும். சராசரியாக ஒன்றுக்குப் பதினான்கு லட்சம் கன அடி சொச்சம். 33 ஏக்கர் குளத்தில் அதைப் பரப்பினால் ஓரடி ஆழம். சித்திரை வெயிலுக்கு மாதம் அரையடிக்குக் குறையாமல் ஆவியாகவே போய்விடும். நிலத்தடியில் இறங்குவதற்காக வரும் தண்ணீர் அது. அதை வேடிக்கை பார்ப்பதற்காக நிறுத்தி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

கோயம்புத்தூர்க் குளங்களில் சித்திரையிலும் தண்ணீர் தளும்புகிறதே என்பீர்கள். தளும்பும். அதில் வீட்டுச் சாக்கடைக்குப் பெரிய பங்கு உண்டு. சாக்கடைக்குக் கோடை ஏது? வற்றாத குளத்தில் சத்து சேர்ந்துகொண்டே போகும், ஆகாயத்தாமரை மூடும், வண்டலை எடுக்க ஒரு நாளும் வாய்க்காது. பறவைக்குத் தண்ணீர் வேண்டாமா என்று இன்னொருவர் எழுதுவார். வற்றி வரும் முழங்கால் தண்ணீரில்தான் அரிவாள்மூக்கனும் உள்ளானும் நடந்து மேயும். அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

இப்போது என் யோக்கியதைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் ஊரிலும் இதே போல ஒரு குழு வந்தது. நல்ல பையன்கள், எல்லாரும் எனக்கு மருமகன் முறை, பேரன் முறை. நான் பணம் கொடுத்தேன். ரிப்பனும் வெட்டினேன். கரைமேல் சிமெண்ட் கல் பதித்து, கம்பி வலை அடித்து, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். கல் பெஞ்சுகளில் ஒன்றில் 'உபயம்' என்று என் பெயர். இரண்டு வருஷம் மாலை நடைக்குப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பெருமையாக இருந்தேன்.

ஒரு நாள் ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்தி வந்து நின்றார். "ஏனுங்க, உங்க பெஞ்சு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆட்டை எதுல எறக்கறதுங்க?" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். என் பெஞ்சு நிற்கிற இடம் பழைய வண்டித்தடம். எங்கள் அப்பாரு மூன்று மணி இருட்டில் காளைகளை இறக்கிய சரிவு. அதை மறித்துக் கல் பதித்து அதன்மேல் என் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். வேலி போட்ட நாளிலிருந்து ஒரு கூடை வண்டல் வெளியே வரவில்லை. உள்ளே இறங்க வழி இல்லாததால் ஆடும் இல்லை, பையன்களும் இல்லை. சீமைக்கருவேலம் தலைக்கு மேல் நிற்கிறது. பெஞ்சைப் பெயர்த்து எடுக்கச் சொல்லி நானே மனு எழுதி அலைகிறேன். ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஆகவே ஐம்பதாயிரத்தை நடைபாதைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீர வேண்டும் என்றால், குளத்துக்குத் தண்ணீர் வரும் பள்ளத்தில் முள்வெட்டக் கொடுங்கள், மதகுப் பலகையைச் சரிபார்க்கக் கொடுங்கள். திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி, வண்டித்தடம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவரிடம் குளத்தை ஒப்படைக்கக் கூடாது.

மகளை மறந்தே போனேன், மன்னியுங்கள். அனுப்புங்கள். வைகாசிக் காற்று கிளம்புவதற்குள் அனுப்புங்கள். காலையிலும் பொழுதோடவும் குளத்துக்குள் விடுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். குழி இருக்கிறதா என்று அப்பாரு முதலில் ஒரு சுற்று பார்த்துவிடட்டும். ஆட்காட்டி கத்தினால் அங்கேயே நின்று, காலுக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் அப்பா இளவயதில் ஒரு கோடைக்கு அந்தக் குளத்தில் எத்தனை வண்டி மண் அடித்தார் என்று அவளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் சொல்ல மாட்டார். தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எங்கள் அப்பாருவின் கணக்கு நூற்று எழுபது. பங்காளி வீட்டில் இன்றுவரை நூற்று நாற்பதுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. கோடு போட்டவன் நான்.