சம்பளத்துல பிடிக்கிற இன்சூரன்ஸ்: சேலம் நர்ஸுங்க கேட்டதும் நான் சொன்னதும்

சேலத்துல தனியார் ஆஸ்பத்திரி வார்டுலயும் அப்புறம் இன்சூரன்ஸ் டெஸ்க்லயும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ நான். கேட்டவங்க வேலைக்குச் சிக்கல் வரக்கூடாதுன்னு பேர் போடலை.

அஸ்தம்பட்டியிலிருந்து: அக்கா, சம்பளம் 19,000. ஈஎஸ்ஐ-னு மாசம் 760 ரூபாய் பிடிக்கிறாங்க. கேட்டா எல்லாருக்கும் அப்படித்தான்ங்கிறாங்க.

இல்ல கண்ணு. ஈஎஸ்ஐங்கிறது தொழிலாளருக்கு அரசு நடத்துற காப்பீடு. அதுல சம்பளத்துல நம்ம பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தோட பங்கு 3.25. உன் சம்பளத்துக்கு நீ கட்ட வேண்டியது 143 ரூபாய். மீதி 617-ஐ அவங்க கைக்காசுல கட்டணும். அதை உன் சம்பளத்துல எடுக்கச் சட்டத்துல இடமே இல்ல. வருஷத்துக்கு 7,400 ரூபாய் உன்கிட்டருந்து போகுது. நைட் டியூட்டி பார்த்துச் சம்பாதிச்ச காசு அது, எனக்கு வயிறு எரியுது.

முதல்ல பே ஸ்லிப் கேட்டு வாங்கு. வாயால சொல்ற கணக்கு எங்கயும் நிக்காது. உன் ஈஎஸ்ஐ நம்பரைப் போட்டு, பணம் நிஜமாவே கட்டியிருக்காங்களான்னு ஆன்லைன்ல பாரு. பிடிச்சுட்டுக் கட்டாம விட்ட இடமும் எனக்குத் தெரியும். தனியாப் போய் நிக்காத. அதே ஷிஃப்ட்ல இருக்கிற நாலு பேர் சேர்ந்து, சேலத்து ஈஎஸ்ஐ அலுவலகத்துல எழுத்துல கொடுங்க.

ஓமலூரிலிருந்து: ஆகஸ்ட்ல சம்பளம் 21,500 ஆச்சு. இனி ஈஎஸ்ஐ கிடையாது, கம்பெனி பாலிசிதான்னு சொல்லிட்டாங்க. நான் மாசமா இருக்கேன்க்கா.

ஈஎஸ்ஐக்கு 21,000-தான் சம்பள வரம்பு, ஆனா நடுவுல தாண்டினா உடனே வெட்ட முடியாது. ஏப்ரல்லருந்து செப்டம்பர் வரை ஒரு கணக்கு. செப்டம்பர் முடியற வரை பிடிக்கணும், கட்டணும். அதுக்கான பலன் அடுத்த ஜனவரியிலருந்து ஜூன் வரைக்கும் இருக்கு. பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் ஈஎஸ்ஐ தரும், அதுக்கு முந்தின ரெண்டு கணக்குக் காலத்துல 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தாப் போதும். தேதியை எண்ணிப் பார்த்துட்டு, ஹெச்ஆர்கிட்ட இன்னிக்கே பேசுங்க.

கொண்டலாம்பட்டியிலிருந்து: அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலயே. பாலிசி 2 லட்சம். பில்லுல பெரிய தொகையை வெட்டிட்டாங்க.

எந்த ரூம் எடுத்தீங்க? பல பாலிசியில ரூம் வாடகைக்கு ஒரு நாளைக்கு பாலிசித் தொகையில 1 சதவீதம்னு வரம்பு இருக்கும், 2 லட்சத்துக்கு 2,000 ரூபாய். 4,000 ரூபாய் ரூம்ல படுத்தா வாடகையில மட்டும் பாதி போகாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜும் பாதியாகும். மருந்து, டெஸ்ட், ஐசியூ செலவை அந்த விகிதத்துல வெட்டக் கூடாது. வெட்டியிருந்தா, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புகார் எழுதுங்க. ஒரு மாசத்துல சரியான பதில் வரலைன்னா சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன்கிட்ட, அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட, போங்க. அங்க கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம்.

டெஸ்க்ல இருந்தப்ப என்கூட வேலை பார்த்த சிஸ்டர் ஒருத்திக்கே இப்படி வெட்டின பில்லை நீட்டியிருக்கேன். அட்மிஷன் அன்னிக்கே ரூம் வரம்பைச் சொல்லியிருக்கணும். யாரும் சொல்லலை, நானும் சொல்லலை. இன்னும் உறுத்துது.

ஏற்காட்டிலிருந்து: அடுத்த மாசம் வேலையை விடறேன். அப்பாவுக்குச் சுகர். பாலிசி போயிடுமா?

வேலை போனா, ஆஸ்பத்திரி எல்லாருக்கும் சேர்த்து எடுத்த க்ரூப் பாலிசியும் போயிடும். ஆனா அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனிநபர் பாலிசிக்கு மாத்தக் கேட்கலாம். கடைசி நாளுக்கு முன்னாடியே எழுதிக் கொடுங்க. இதுவரை ஓடின வருஷங்கள் காத்திருப்புக் காலத்துல, அதாவது பழைய நோய்க்குக் கிளைம் தராத ஆரம்பக் காலத்துல, கழியும். ஏற்கனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷத்துக்கு மேல காக்க வைக்கக் கூடாதுன்னு 2024-லருந்து விதி. சுகரை மறைக்காதீங்க, கிளைம் அங்கதான் அடிபடும். 2025 செப்டம்பர் 22-லருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்ல, க்ரூப்புக்கு 18 சதவீதம் இன்னும் இருக்கு. ரெண்டுக்கும் விலை கேட்டு வாங்குங்க.

ஆத்தூரிலிருந்து: நேத்து நைட் பேஷண்டுக்குப் போட்ட ஊசி குத்திடுச்சு. சொன்னா திட்டுவாங்கன்னு சொல்லலை.

இதைப் படிச்ச உடனே கிளம்பு சாமி. ஹெச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கியான்னும் சொல்லு. வார்டு ரெஜிஸ்டர்ல நேரத்தோட எழுது. எழுதி வச்சா, ஈஎஸ்ஐயில இதை வேலைக் காயம்னு காட்டச் சுலபம்.